கொல்லைப்புறக் கோழியும் லயத்து வீடும்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, வேலை நேரம் என்றே பேசிப் பழகிவிட்ட நாம் இன்று கோழியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானதை நாம் வரவேற்றோம். ஆனால் அதற்கு முன்பே, 2023 நவம்பர் முதல் தேதி, கோழி விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டுவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் தேதி முட்டைக்கான அரசாங்க உதவித் தொகையும் நின்றது. கூடி வந்த வெள்ளியில் எவ்வளவு சந்தையிலேயே கரைகிறது என்பதை, அடுப்படியில் நிற்கும் தாய்மாரைக் கேட்டால் கணக்காகச் சொல்லிவிடுவார்கள்.

நம் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரும் பெஸ்தாரி ஜெயா என்றாகிவிட்டது. ஆயினும் லயத்துக் கொல்லையில் நாலு கோழி மேயும் வழக்கம் மட்டும் இன்னும் அடியோடு போய்விடவில்லை. மேய்கின்றனவே தவிர, வளர்க்கப்படுகின்றனவா என்பதுதான் கேள்வி. நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு முட்டையிடும். ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை. பத்துக் குஞ்சு பொரித்தால் வளர்ந்து ஆளாவது இரண்டோ மூன்றோதான் என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். மற்றவற்றை மூசாங்கும், காக்கையும், நோயும் கொண்டுபோகின்றன. இந்த நஷ்டத்தைத் தடுத்தாலே போதும். புதுக்கோழி வாங்க வேண்டியதில்லை.

முதலில் கூடு. ஆறடி நீளம் நாலடி அகலமுள்ள கூடு பத்துக் கோழிகள் இரவில் அடையப் போதும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கால் நட்டுக் கட்ட வேண்டும். அடித்தளத்தை மூங்கில் பிளாச்சாலோ மரச் சட்டத்தாலோ அரை அங்குல இடைவெளி விட்டுப் பரப்பினால் எச்சம் கீழே விழுந்துவிடும். கோழி தன் கழிவை மிதித்துக்கொண்டு நிற்காது. பெரிய கண்ணுள்ள கோழிக்கம்பி காசுக்கு மலிவுதான். ஆனால் பாம்புக்கும் மூசாங்குக் குட்டிக்கும் அது வாசற்படி. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பியே வேண்டும். தகரக் கூரை நண்பகலில் அடுப்பாய்க் காயும். மேலே தென்னங்கீற்றையோ அத்தாப்பையோ பரப்பிவிடுங்கள். எறும்பு ஏறாமலிருக்கக் கூட்டின் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய டின்களில் நிறுத்துவது நம் பெரியவர்கள் கண்ட வழி. அதைவிட நல்ல வழி இன்னும் நமக்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கொட்டிக் கழுவுங்கள். சிலாங்கூரில் டிங்கிக் கொசுவுக்கு இடம் கொடுக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கிடைக்கிறதே என்று பூச்சிமருந்து, களைமருந்துக் கேன்களை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக வைக்கிறோம். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கேனில் கோழிக்கும் தண்ணீர் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். செம்பனைக் காட்டில் எலிமருந்து வைக்கும் நாட்களில் கோழிகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

வேலைக்கு விடியுமுன் போகிற நமக்குக் காலையில் கோழியைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்? திறக்கவே வேண்டாம். கோழி பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டையிடும். பால் வெட்டிவிட்டுத் திரும்பும்வரை கூட்டிலேயே இருந்தால், முட்டை பெட்டியில் கிடைக்கும். பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியும் தப்பும். லயத்தில் மூளும் சண்டைகளில் பாதி கோழிச்சண்டை என்பது கிராணிமார் அறிந்ததே. உள்ளே தண்ணீரும் கொஞ்சம் தீனியும் வைத்துவிட்டுப் போக மறக்கக்கூடாது.

தீனிக்கு முழுக்கக் கடையை நம்ப வேண்டியதில்லை. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்கள் அருகிலிருக்கும்போது தவிடும் குருணையும் கிடைக்காமலா போகும்? முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கெராங் சிப்பியின் ஓட்டைச் சுட்டு இடித்துத் தூவினால் போதும். தோல் மெலிந்த முட்டை இடாது. கறையான் புற்றைக் கொத்திக் குஞ்சுகளுக்குப் போடுவது மாமருந்து. ரப்பர்க் கொட்டையை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். அதில் நஞ்சு உண்டு.

இனி நோய். வெள்ளைக் கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோய் 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. கழுத்து முறுக்கும், இறக்கை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாய்க் கழியும். ஒரு வாரத்தில் லயமே காலியாகும். மஞ்சளும் வெங்காயமும் கொடுத்துப் பார்க்கிறோம். வந்துவிட்ட நோயை அவை நிறுத்தா. தடுப்பு மருந்து ஒன்றே காப்பு.

கிராமத்துக் கோழிக்கென்றே ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியது நம் சிலாங்கூர்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 1966-ல் பிரித்தெடுக்கப்பட்ட வீ-4 என்னும் சாதுவான கிருமியிலிருந்து, வெப்பம் தாங்கும் வகையை 1980களில் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தேர்ந்தெடுத்தார்கள். ஐனி இத்ரிஸ் முதலியோரும், குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் இதில் உழைத்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாத கம்பத்திலும் தீனியில் பூசிக் கொடுக்கலாம் என்பதே அதன் சிறப்பு. கோழியைத் துரத்திப் பிடிக்க முடியாத ஏழைகளை நினைத்துச் செய்த வேலை அது.

இன்று எந்த மருந்து கிடைக்கிறது என்பதை மாவட்டக் கால்நடை இலாகாவில் கேட்டறிய வேண்டும். கடையில் விற்கும் புட்டி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு ஆனது. கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி வீண். ஆகவேதான், ஒரு லயமே சேர்ந்து ஒரே நாளில் போடுவோம் என்கிறோம். ஒரு வீடு விட்டுப்போனாலும் அங்கிருந்து நோய் திரும்பும். கலக்கக் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்; கொதித்து ஆறிய மழைத்தண்ணீர் நல்லது. வெயிலில் வைக்கக்கூடாது. போட்டவர் கண்ணைத் தொடாமல் கையைக் கழுவ வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். நோய்ப்பட்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை.

பறவைக் காய்ச்சலையும் மறவாதீர்கள். 2004-ல் கிளந்தானில் அது கண்டபோது, எல்லை தாண்டி வந்த சண்டைச் சேவல்கள் மீதே சந்தேகம் விழுந்தது. 2007 ஜூனில் நம் பக்கத்துச் சுங்கை பூலோவின் பாயா ஜாராஸ் கம்பத்தில் அது கண்டு, சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. கோழி ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்போது அவசரமாக அறுத்துப் பங்கு போடுவதும், விற்றுத் தீர்ப்பதும், கால்வாயில் எறிவதும் ஊருக்கே தீ வைப்பதாகும். இலாகாவுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்க்கும்வரை செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகே கூட்டில் சேருங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டே கூடு கட்டுங்கள். லயத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை. கொல்லை நிலமுள்ள வீடு வேண்டுமென்று நாம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டு எண்ணையும் கோழிகளின் எண்ணிக்கையையும் தாய்மார்கள் கிளைச் செயலாளரிடம் இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள். எத்தனை புட்டி என்று தெரிந்தால்தான் இலாகாவுக்குப் போக முடியும். மருந்து வாங்கப் போகிறவர் ஐஸ் போட்ட பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோகட்டும்.