பின்தங்கிய பகுதிக்கு வரிச்சலுகை: பலன் யாருக்கு?

(கடம்பத்தூரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, "பாய், பின்தங்கிய பகுதியில் கம்பெனி ஆரம்பித்தால் வரியே கிடையாதாமே, நம்ம கடம்பத்தூருக்கும் அது உண்டா?" என்று கேட்டார். நான் தயார் செய்து வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவருடைய கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

காலையில் நம் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். நம் பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட், காக்களூரில் சிட்கோ, பக்கத்தில் மப்பேட்டில் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022ல் அடிக்கல். தொழில் நம்மைச் சுற்றி வளைத்து நிற்கிறது. சம்பளத்துக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. சொந்தமாக ஒரு ஷெட் போட்டு பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவர்கள் எத்தனை பேர்? அரசாங்கத்தின் சலுகை அந்தப் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவருக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சலுகையின் கதை பழையது. 1968ல் மத்திய அரசு இரண்டு குழுக்களை அமைத்தது. எந்தப் பகுதி பின்தங்கியது என்று அடையாளம் காண பாண்டே குழு. அங்கே தொழில் தொடங்க என்ன சலுகை கொடுக்கலாம் என்று சொல்ல வாஞ்சூ குழு. அதன் பிறகு 1971 முதல், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் போடும் முதலீட்டுக்கு மத்திய அரசு மானியம் கொடுத்தது. 1988 வரை அது நடந்தது. 1974ல் வருமான வரிச் சட்டத்தில் 80-எச்எச் என்ற பிரிவு வந்தது. பின்தங்கிய பகுதியில் புதிதாகத் தொடங்கிய தொழிலின் லாபத்தில் 20 சதவீதத்தை, பத்து ஆண்டுகளுக்கு, வரிக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1990 மார்ச் 31க்குள் உற்பத்தியைத் தொடங்கியவர்களுக்கு அது கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வரியில் 20 சதவீதம் குறைவு என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். லாபத்தில்தான் 20 சதவீதம் கழிவு. ஒரு லட்சம் லாபம் என்றால் இருபதாயிரம் கழியும். வரி விகிதம் 30 சதவீதம் என்றால் மிச்சம் ஆறாயிரம் ரூபாய். லாபம் இல்லாத வருடம் மிச்சமும் இல்லை. கணக்கே எழுதாதவருக்கு என்றுமே இல்லை.

சரி, சலுகையால் பின்தங்கிய பகுதி முன்னேறியதா? ஓசூரைப் பாருங்கள். அன்று அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி பின்தங்கிய மாவட்டம் என்று பட்டியலில் இருந்ததால் மாவட்டம் முழுவதற்கும் சலுகை. வந்தவர்கள் எங்கே வந்தார்கள்? பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருந்த ஓசூருக்கு வந்தார்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் அங்கே எழுந்தன. பென்னாகரத்துக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் யார் போனார்கள்? 2004ல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஓசூர் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. எந்தப் பெயரைச் சொல்லி சலுகை வாங்கினார்களோ அந்தத் தர்மபுரிக்கு ஓசூர் மிஞ்சவில்லை! அந்தப் பக்கத்து இளைஞர்கள் இன்றும் வேலைக்குப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். 1978ல் அமைக்கப்பட்ட சிவராமன் குழுவும் இதைத்தான் கண்டது. பெரிய நகரங்களை ஒட்டிய சில மாவட்டங்களே மானியத்தில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டன என்று எழுதியது.

இதில் தொழிலதிபர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரோடு, மின்சாரம், ரிப்பேர் பார்க்க ஆள், சரக்கு வாங்க ஆள், இவை இருக்கும் இடத்துக்குத்தான் முதலாளி போவான். வரிச்சலுகை அதற்கு மேல் கிடைக்கும் ஓர் உபரி. நம் கடம்பத்தூருக்குச் சென்னையின் அருகாமை இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஆகவே குறை ஊரில் இல்லை. எங்கே என்று சொல்கிறேன்.

என் தாய்மாமா ஆம்பூரில் தோல் தொழிலில் இருந்தவர். 1985ல் ஷூ அப்பர் தைக்கும் புதிய யூனிட் ஒன்றைத் தொடங்கினார். வட ஆர்க்காடு மாவட்டமும் பின்தங்கிய பட்டியலில் இருந்த காலம் அது. ஆடிட்டர் நான்கு கேள்விகள் கேட்டார். எந்திரம் புதியதா? இல்லை, பாதிக்கு மேல் தன் பழைய பட்டறையிலிருந்து கொண்டுபோனவை. ஏற்கெனவே ஓடிய எந்திரம் மொத்த மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மின்சாரத்தில் ஓடும் யூனிட்டில் பத்துப் பேராவது வேலை செய்கிறார்களா? செய்தவர்கள் பதினைந்து பேர், பதிவேட்டில் ஒன்பது பேர்! பத்து என்று எழுதினால் ஃபேக்டரி சட்டம் வந்துவிடும் என்று பயந்து மற்ற ஆறு பேரின் கூலியைச் சின்ன டைரியில் எழுதி வைத்திருந்தார். கொள்முதலுக்கு பில் இருக்கிறதா? பாதிக்குத் துண்டுச்சீட்டு. தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா? அதுதான் அவருக்குத் தேவையே இல்லையே!

மாமா கெட்டவர் அல்ல. ஐந்து வேளையும் தொழுதவர், கூலியை வியர்வை உலருமுன் கொடுத்தவர். ஆனால் ஒரு சட்டத்துக்குப் பயந்து ஒளித்த ஆறு பெயர்கள், இன்னொரு சட்டம் கொடுக்க இருந்த பத்து வருடக் கழிவை விழுங்கிவிட்டன. அந்த ஆறு பேருக்கும் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. அவர்களில் ஒருவரின் விரல் எந்திரத்தில் நசுங்கியபோது மாமா தன் கைக்காசைச் செலவழித்தார். அந்தச் செலவையும் டைரியில்தான் எழுதினார். அந்த டைரி இப்போதும் என்னிடம் இருக்கிறது.

இனி இன்றைய நிலை. இளைஞரின் கேள்விக்கு நேரான பதில்: வருமான வரியைப் பொறுத்தவரை, இன்று கடம்பத்தூரில் புதிதாக ஆலை தொடங்குகிறவருக்கு ஊரைக் காரணம் காட்டிக் கிடைக்கும் லாபக் கழிவு எதுவும் இல்லை. 80-எச்எச் முடிந்தது. அதன்பின் வந்த 80-ஐபி பிரிவில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் முழு விலக்கு இருந்தது. அதுவும் 2004 மார்ச் 31க்குள் தொடங்கியவர்களுக்கே. "வரியே கிடையாது" என்று சொல்லி உங்களிடம் மனை விற்க வருபவரை நம்பாதீர்கள்.

ஆனால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மாநில அரசின் முதலீட்டு மானியம். 2021ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் கொள்கைப்படி எந்திரத்தின் மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. பெரிய ஆலைகளுக்கு அரசு மாவட்டத்தை அளவுகோலாக வைத்தது. அதில் திருவள்ளூர் வளர்ந்த மாவட்டம், ஆகவே சலுகை குறைவு. சிறு தொழிலுக்கு அளவுகோல் வேறு. தொழிலில் பின்தங்கியவை என்று ஊராட்சி ஒன்றியங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு ஒன்றியம் பட்டியலில் இருக்கும், அடுத்தது இருக்காது. ஆகவே இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், சர்வே எண்ணோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் அந்த இடம் எந்த ஒன்றியத்தில் வருகிறது, மானியம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. பழைய எந்திரத்துக்கு இங்கேயும் மானியம் இல்லை.

இரண்டாவது, ஆள் எடுப்பதற்கான கழிவு. புதிதாகச் சேர்க்கும் தொழிலாளரின் சம்பளத்தில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுகள் கூடுதலாகக் கழிக்கலாம். சம்பளம் மாதம் 25,000க்குள் இருக்க வேண்டும், வங்கி மூலம் கொடுத்திருக்க வேண்டும், பி.எஃப். இருக்க வேண்டும், கணக்கு தணிக்கையாகி இருக்க வேண்டும். பாருங்கள், மாமா ஒளித்த அதே பெயர்களுக்குத்தான் இன்று கழிவு! விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று மொத்தமாகக் காட்டிக் கணக்கு எழுதுவதைத் தவிர்க்கும் நம் வியாபாரிகளுக்கு இது கிடைக்காது. அந்த வழியில் போனால் இந்தக் கதவு மூடிவிடும். எது லாபம் என்று ஆடிட்டரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வட்டிக் கடன் வேண்டாம் என்று வங்கிப் பக்கமே போகாத சகோதரர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால் எல்லாச் சலுகையும் நமக்கு இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். லாபத்தில் கழிவு கேட்பதற்குக் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நான்கு பேர் கூட்டாகச் சொந்தப் பணம் போட்டுத் தொடங்கினாலும் அது உண்டு. வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு இருந்தால் போதும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு இதே இடத்தில் ஓர் ஆடிட்டர் நண்பருடன் உட்காருகிறேன். உத்யம் பதிவு இல்லாதவர்கள் ஆதார், பான் கார்டு கொண்டு வாருங்கள், அங்கேயே பதிந்துவிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தொழில் நடத்துகிறவர்கள் எந்திரம் வாங்கிய பில்லையும் கூலிப் பதிவேட்டையும் கொண்டு வாருங்கள். டைரி வைத்திருப்பவர்கள் அதையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள்.