உள்ளான பெலன்
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)

எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சைவ சகோதரிகளும் இன்று இந்த ஆலயத்தில் அமர்ந்திருப்பது மனதுக்கு நிறைவைத் தருகிறது.

தியானத்துக்காக நான் தெரிந்துகொண்ட பகுதி எபேசியர் நிருபம் மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம். இதை எழுதும்போது பவுல் ஒரு கைதி. அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தன்னை அவர் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார். ஆனால் அவருடைய மன்றாட்டைக் கவனியுங்கள். இந்த இடத்தில் தன் விடுதலையை அவர் கேட்கவில்லை. எபேசு சபையாரின் கஷ்டங்கள் நீங்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆவியானவராலே அவர்களுடைய உள்ளான மனிதன் பெலப்படவேண்டும் என்றே முழங்காலில் நின்று கேட்கிறார். வெளியே எது மாறினாலும் மாறாவிட்டாலும், உள்ளே ஒரு பெலன் வேண்டும் என்பதே அந்த ஜெபம்.

இந்த உள்ளான பெலன் என்பது என்ன? எங்கள் தலைமுறைக்கு இதை விளக்க ஒரு ஜாம் போத்தல் போதும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தடை. கிடைத்த சொட்டு எண்ணெயை வீணாக்காமல், போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு திரி இட்டு, அந்த வெளிச்சத்தில் ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகளுக்குப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்களும் ஆசிரியைகளும் கணக்காளர்களும் பலர் அந்த வெளிச்சத்தில் உருவானவர்கள்தான்.

அந்த விளக்கை ஏற்றியவர்களுக்கு ஒன்று தெரியும். எண்ணெய் இருக்கும் வரை திரி கரைவதில்லை. எரிவது எண்ணெய்தான். எண்ணெய் வற்றினாலோ திரியே எரியத் தொடங்கும். வெளிச்சம் குறையும், புகை கூடும், கடைசியில் கரிதான் மிஞ்சும். எங்களில் பலருடைய நாளாந்த வாழ்க்கை இன்று இப்படித்தான் இருக்கிறது. விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கு ஓடி, வயதுபோன பெற்றோரைப் பார்த்து, ஆலயத்திலும் ஒரு பொறுப்பை ஏற்று, இரவு படுக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லை. எண்ணெய் வற்றிய பிறகும் கடமைக்காக எரிந்துகொண்டிருக்கிறோம். வீட்டில் எழும் எரிச்சலும் கடும் சொல்லும் பல வேளைகளில் அந்தத் திரியின் புகைதான்.

நீண்ட காலம் எரிந்த ஒரு விளக்கை எங்கள் மண் கண்டிருக்கிறது. எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். உடுவில் பெண்கள் பாடசாலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணி செய்தார். 1883இல் மானிப்பாயில் மறையும் வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். நாற்பது ஆண்டுகளை ஒரு நாளின் உற்சாகத்தால் கடக்கமுடியாது. அது அன்றன்றைக்குப் பெற்றுக்கொள்ளும் பெலன். வனாந்தரத்தில் மன்னாவும் அப்படித்தான் கிடைத்தது. மறுநாளுக்கென்று சேர்த்துவைத்தது புழுப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பெற்ற பெலனை வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கலாம் என்று எண்ணும் எங்களுக்கு இது நல்ல பாடம்.

சகோதரிகளே, இனி ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். உள்ளான பெலன் என்ற பெயரில் எங்கள் பெண்களுக்குத் தவறான ஒன்றும் போதிக்கப்பட்டிருக்கிறது. கணவனின் அடியைத் தாங்கும் பெண்ணிடம், பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு, வெளியே சொல்லாதே என்கிறோம். மனச்சோர்வினால் நித்திரையின்றித் தவிக்கும் பிள்ளையிடம், உனக்கு விசுவாசம் போதாது என்கிறோம். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வெற்றி கண்ட அதே தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் இருந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் அவரைத் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினார், மறுபடியும் உணவு. அதன் பிறகே நாற்பது நாள் பயணம். நித்திரையும் உணவும் மருந்தும் வைத்தியரும் ஆவிக்குரிய பெலனுக்கு எதிரானவை அல்ல. கர்த்தர் பெலன் தரும் வழிகளில் அவையும் அடங்கும்.

செலொப்பியாத்தின் குமாரத்திகளையும் நினையுங்கள். எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம். தகப்பன் இறந்துவிட்டார், சகோதரர் இல்லை. ஐந்து பெண்களும் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, எங்களுக்கும் காணியாட்சியில் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். வாய்திறந்து நியாயம் கேட்கவும் உள்ளே பெலன் வேண்டும். சகித்துக்கொள்வது எப்போது, எழுந்து நிற்பது எப்போது என்று பகுத்தறியச் செய்வதும் அதே ஆவியானவர்தான்.

அப்படியானால் இந்தப் பெலனை எப்படிப் பெறுவது? மூன்று காரியங்களை மாத்திரம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, காலையில் கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாயிருங்கள். நீண்ட ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. ஆண்டவரே, இன்றைய நாளுக்கு எனக்குப் பெலன் தாரும் என்பதே போதும்.

இரண்டாவது, மனனம் செய்தவற்றை மீண்டும் எடுத்துப் பாருங்கள். காலைக் கூட்டத்தில் நின்று, அர்த்தம் விளங்காமலே சொன்ன வசனங்களும் பாடிய கீதங்களும் எங்களுக்குள் இன்னும் இருக்கின்றன. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோது வேதாகமத்தைப் பைக்குள் வைக்க அவகாசம் கிடைக்காத பலருக்கு, நெஞ்சில் இருந்ததே வேதாகமம்.

மூன்றாவது, தனியே சுமக்காதீர்கள். கெத்செமனேயில் ஆண்டவரே மூன்று சீடரை அழைத்து, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவருக்கே துணை வேண்டியிருந்தது என்றால் எங்களுக்கு எவ்வளவு அதிகமாய் வேண்டும்! இந்தச் சங்கம் அதற்காகவும் இருக்கட்டும். கட்டடம் கட்டுவதும் நிதி சேர்ப்பதும் நல்லவையே. ஆயினும் ரொறன்ரோவில் கணவனை இழந்து தனியே இருக்கும் ஒருத்தியும், சண்டிலிப்பாயில் படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிக்கும் ஒருத்தியும் ஒரே வகுப்பில் படித்தவர்களாய் இருக்கலாம். கிழமைக்கு ஒரு தரம் தொலைபேசியில் கதைத்து, இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் ஜெபித்தால், நூறு ஆண்டு கண்ட இந்தச் சங்கம் செய்யக்கூடிய பெரிய பணிகளில் அதுவும் ஒன்றாகும். இந்த மலரை வாசிக்கும் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், இந்தக் கிழமையே ஒருத்தியை அழையுங்கள். சுகமா என்று கேட்டதோடு நிறுத்தாமல், உனக்காக எதற்கு ஜெபிக்கட்டும் என்றும் கேளுங்கள்.

நாங்கள் வெறும் மண்பாண்டங்கள்தான். பொக்கிஷத்தை அதற்குள் வைத்தவர் கர்த்தர். நூறு ஆண்டுகள் நம்மை நடத்திவந்த அவர், இனிவரும் ஒவ்வொரு நாளுக்கும் வேண்டிய பெலனை உங்கள் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக. ஆமென்.