புரவலர் என்னும் சொல்

கொடுப்போரைக் குறிக்கும் சொற்கள் தமிழிற் பல உள. கொடை தருபவர் கொடையாளர். வண்மை மிக்கவர் வள்ளல். புரவலர் என்பதோ புரத்தல், அதாவது காத்தல், என்னும் வினையடியாகப் பிறந்தது. இரப்போரை இரவலர் என்ற சங்கப் புலவர், அவரை ஆதரித்தோரைப் புரவலர் என்றனர்.

சிறுபாணாற்றுப்படை கூறும் வள்ளல்கள் எழுவருள் ஒருவனாகிய பேகன், மயிலுக்குப் போர்வை அளித்தான். மயில் அவனிடம் இரக்கவில்லை. இரப்பதற்கு அதற்கு மொழியுமில்லை. குளிரினின்றும் அதனைக் காக்க வேண்டுமென்று அவன் நெஞ்சே நினைந்தது.

இன்று விழா மலர்களிலே, பணம் உதவியோரெல்லாம் புரவலர் எனப்படுகின்றனர். உதவி போற்றத்தக்கதே. எனினும், ஒருமுறை கொடுத்து அகல்பவர் கொடையாளர். கேளாதவர் துயரையும் உணர்ந்து, கொடுத்த பின்னும் காத்து நிற்பவரே புரவலர்.