உறங்குமுன் ஒரு கணக்கு

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் வணிகர்கள். 1826-இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவிய சமுதாயம் அது. இரவில் கல்லாவை எண்ணிப் பற்று வரவு எழுதிய பிறகே கடையை அடைப்பது வணிகரின் பழக்கம். நாம் வாழ்ந்த நாளுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

மார்க்கம் இதை முஹாசபா என்கிறது. கணக்கு என்று பொருள்படும் ஹிசாப் என்ற சொல்லோடு பிறந்த சொல் அது. நாளைக்காக எதை முற்படுத்தி வைத்தோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும்படி திருக்குர்ஆனின் அல்ஹஷ்ர் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் இதற்கென ஒரு பகுதியே எழுதினார். நஃப்ஸை ஒரு வியாபாரக் கூட்டாளியாக அவர் பார்க்கிறார். முதலில் அதனிடம் நிபந்தனை பேசவேண்டும், பிறகு கண்காணிக்கவேண்டும், முடிவில் கணக்குக் கேட்கவேண்டும்.

வயது ஏறினால் அனுபவம் தானே வந்துவிடும் என்று எண்ணுகிறோம். நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களைப் பாருங்கள். இன்று எப்போது தீர்ந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்துத்தான் நாளைக்கு அரிசி அளக்கிறார்கள். பார்க்காமல் அளந்தால் முப்பதாம் நோன்பும் முதல் நோன்பு போலத்தான் இருக்கும்.

வீட்டிலும் அப்படியே. மகன் மதிப்பெண் தாளை நீட்டுகிறான். வேலை முடிந்து களைத்து வந்த அத்தா சத்தம் போடுகிறார். அடுத்த முறை அவன் தாளை ஒளித்து வைக்கிறான். “இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்” என்று முடித்துவிட்டால் யாருக்கும் பாடமில்லை. இஷா தொழுதபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கலாம். என்ன நடந்தது? அதில் என் பங்கு என்ன? நாளை எதை மாற்றுவேன்? கோபம் மதிப்பெண்ணால் வந்ததா, வேலைக் களைப்பால் வந்ததா என்பது அப்போது தெரியும். நாளை ஒரு தேநீர் குடித்துவிட்டு, “எந்தக் கணக்கு கஷ்டமாக இருந்தது வாப்பா?” என்று கேட்கலாம். ஒளித்த தாள் வெளியே வரும்.

இரண்டு எச்சரிக்கை. இது நம் கணக்கு. மருமகளின் கணக்கோ பக்கத்து வீட்டார் கணக்கோ அல்ல. பற்றை மட்டும் எழுதி மனம் சோர்வதும் கணக்காகாது. செய்ய முடிந்த நன்மைக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வரவையும் எழுதவேண்டும்.

சங்கத்தின் பணக்கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். விழா முடிந்ததும், பின்வரிசை இளைஞர்கள் ஏன் பாதியில் எழுந்து போனார்கள் என்று அவர்களையே கேட்பதும் தணிக்கைதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளை நடத்தப்போகிறவர்கள் அவர்கள்.

நம் நாள்களைப் பயனுள்ளவையாக அல்லாஹ் ஆக்கித் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.