பௌதிகம் படிக்கிற பிள்ளை என்ன படிக்கிறது?



சில வாரங்களுக்கு முன்னர் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணை, நீங்கள் யூனிவர்சிற்றியிலைதானே வேலை. மகள் பிசிக்ஸ்தான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா. கெட்டிக்காரப் பிள்ளை, மெடிசினுக்குப் போடலாம். பிசிக்ஸ் படிச்சு என்னத்துக்கு? நீங்கள் சொன்னாக் கேப்பா, ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்றார். நான் என்ன சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் என்பது எனக்கு விளங்கியது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு பதிலும் வாயில் வரவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விடயம். நான் விரிவுரையாளர் இல்லை. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிக ஆய்வுகூடத்தில் 2006ஆம் ஆண்டு தொடக்கம் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகளின் பரிசோதனைகளுக்குக் கருவிகளை அடுக்கி வைப்பதும், அவர்கள் உடைப்பதைத் திருத்துவதும் என் வேலை. யாழ்ப்பாணத்தில் 1994இல் உயர்தரம் எடுத்தேன், கணிதப் பிரிவு. 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்ததோடு படிப்பு நின்றுபோனது. 1998இல் இங்கே வந்து எட்டு வருடம் பெற்றோல் நிலையத்திலும் கடைகளிலும் நின்றேன். ஆகவே நான் இந்தப் பட்டத்தைப் படித்தவன் அல்ல. பத்தொன்பது வருடத்துக்கு மேலாக, படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

இங்கிலாந்தில் இது மூன்று வருடப் படிப்பு. முதுநிலையும் சேர்த்துப் படித்தால் நான்கு வருடம். ஏ லெவலில் கணிதமும் பௌதிகமும் வேண்டும். உயர் கணிதமும் இருந்தால் முதல் வருடத்தில் மூச்சுவிடலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை லண்டனில் உள்ள பௌதிகவியல் நிறுவகம் பார்த்து அங்கீகரிக்கிறது. அதனால் எங்கே படித்தாலும் அடிப்படை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் வருடத்தில் நியூற்றனின் பொறிமுறை, அலைகள், மின்னும் காந்தமும், ஐன்ஸ்ரைன் 1905இல் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கை. எல்லாவற்றுக்கும் மேலே கணிதம். வகையீட்டுச் சமன்பாடுகள், சிக்கலெண்கள், காவிகள், தாயங்கள் என்று வந்துகொண்டே இருக்கும். பைதன் என்ற கணினி மொழியும் இப்போது பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது. கருங்குழிகளைப் பற்றி வீடியோக்கள் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் சிலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். கணக்குப் போடுவதில் விருப்பம் இல்லாத பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பவேண்டாம் என்று நானே சொல்வேன்.

இனி என்னுடைய இடத்துக்கு வருகிறேன். ஆய்வுகூடம்.

முதல் வாரத்திலேயே நாங்கள் கொடுக்கிற பரிசோதனை தனி ஊசல். நூலில் கட்டிய குண்டு. ஊரில் நாங்களும் செய்ததுதான். ஒரு மீற்றர் நூல், போய் வர இரண்டு செக்கன். அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கவேண்டும். எங்களுக்கு விடை 9.8 என்று முன்கூட்டியே தெரியும். உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கு 9.3 வந்தால் வாசிப்புகளை அங்கே இங்கே தட்டி 9.8 ஆக்கித்தான் கொப்பியில் எழுதினோம். ஆசிரியருக்கும் தெரியும், அவரும் சரி போட்டார்.

இங்கே அப்படிச் செய்கிற பிள்ளைக்குப் புள்ளி குறையும். ஆய்வுகூடக் கொப்பியில் பேனையால்தான் எழுதவேண்டும். தாள் கிழிக்கக்கூடாது. பிழையென்றால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும், வெட்டினதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். விடையோடு அதன் வழுவையும் எழுதவேண்டும். 9.5, சக சய 0.4 என்று நேர்மையாக எழுதி, அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற பிள்ளைக்கு, மொட்டையாக 9.81 என்று எழுதுகிற பிள்ளையைவிடக் கூடப் புள்ளி.

அந்த வழுவை எப்படிக் கணிப்பது? நிறுத்தற்கடிகாரத்தை அழுத்துகிற கைக்குச் சுமார் 0.2 செக்கன் பிந்தும் முந்தும். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தால் இரண்டு செக்கனில் 0.2, அதாவது நூற்றுக்குப் பத்து. விடையில் அது இரட்டிப்பாகி நூற்றுக்கு இருபதாகும். அந்த விடையால் ஒரு பிரயோசனமும் இல்லை. இருபது ஆட்டத்தைச் சேர்த்து அளந்தால் நாற்பது செக்கனில் அதே 0.2 தான். விடையில் வழு நூற்றுக்கு ஒன்றாக இறங்கிவிடும். புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. யோசித்ததால் மட்டும் வந்த திருத்தம். இது பிடிபடுகிற நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இதில் எனக்கு ஒரு சொந்த விருப்பம் உண்டு. புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. பூமி சுழல்கிறது, நடுவில் கொஞ்சம் பருத்தும் இருக்கிறது. அதனால் மத்திய கோட்டுக்குக் கிட்ட ஈர்ப்பு குறைவு. யாழ்ப்பாணத்தில் 9.78, லண்டனில் 9.81. ஊரில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூட்டை ஒன்றும் மாற்றாமல் இங்கே கொண்டுவந்து மாட்டினால், ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் முந்திக்கொண்டு ஓடும். 1672இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பரிசிலிருந்து தென்னமெரிக்காவில் உள்ள கயானுக்குப் போனபோது இதைத்தான் மறுபக்கமாகக் கண்டார், அவருடைய மணிக்கூடு பிந்தியது. நூல் நீளத்தை மில்லிமீற்றர் சுத்தமாக அளந்து, 200 ஆட்டம் பொறுமையாக எண்ணினால், அந்த 9.78க்கும் 9.81க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை ஒரு நூலும் குண்டும் காட்டிவிடும். எங்கள் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்கு வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

இரண்டாம் வருடம்தான் கடினம். மக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளில் மின்னும் காந்தமும் ஒளியும் அடங்கிவிடும். அவற்றில் ஒன்று 1831இல் பரடே கண்டுபிடித்தது: காந்தப் புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின் பிறக்கும். விரிவுரைக்காகச் சுருளையும் காந்தத்தையும் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஆட்கள் நாங்கள். வானொலியை இணைத்தவுடன் பெடல் பாரமாவது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சும்மா மின் வராது, உழைப்பைக் கொடுத்தால்தான் வரும். அதற்குப் பெயர் லென்சின் விதி என்று தெரிந்துதான் அன்றைக்குச் சுற்றினோம், ஆனால் ஏன் என்று எழுதிக் காட்டத் தெரியாது. இங்கே இரண்டாம் வருடப் பிள்ளை எழுதிக் காட்டும்.

அதே வருடத்தில் வெப்ப இயக்கவியலும் குவாண்டம் பொறிமுறையும் வரும். 1926இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டைத் தீர்க்கப் பழகவேண்டும். இலத்திரன் இங்கே இருக்கிறது என்று சொல்லமுடியாது, இங்கே இருப்பதற்கான நிகழ்தகவு இவ்வளவு என்றுதான் சொல்லலாம். கணக்கு வரும், விளக்கம் வராது. கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுகிற இடம் இது.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பிள்ளை ஒருவன், பெயர் வேண்டாம், மாசி மாதத்தில் ஒருநாள் என்னுடைய களஞ்சிய அறை வாசலில் வந்து நின்றான். குவாண்டம் பரீட்சையில் 43. "அங்கிள், அப்பா நைட் ராக்ஸி ஓடிப்போட்டு விடிய வந்து எத்தினை மாக்ஸ் எண்டு கேப்பார். நான் எழுபத்தெட்டு எண்டு சொல்லிப்போட்டன். இனி நான் படிக்கேல்லை, விட்டிட்டுப் போறன்" என்றான். நானும் முதலில் எங்கள் வழக்கப்படி "நல்லாப் படி தம்பி" என்றேன். அவன் முகம் இன்னும் சுருங்கியது. அவன் கேட்க வந்தது அது இல்லை.

பெற்றோர் அறியவேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே பல்கலைக்கழகப் புள்ளியை உயர்தரப் புள்ளியோடு ஒப்பிடக்கூடாது. 70 எடுத்தால் முதலாம் வகுப்பு. 60க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். 40 சித்தி. 68 எடுத்த பிள்ளையிடம் "மிச்சம் 32 எங்கே" என்று கேட்கிற வீடுகள் எங்களிடம் நிறைய. அந்தக் கேள்வியால்தான் 43ஐ 78 என்று சொல்லவேண்டி வருகிறது. ஊரில் நாங்கள் 9.3ஐ 9.8 ஆக்கினது போலத்தான்.

அவனை அவனுடைய பொறுப்பாசிரியரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். வாரத்துக்கு ஒரு கணக்கு வகுப்பு மேலதிகமாக ஒழுங்கு செய்தார்கள். தகப்பனிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு மூன்று வாரம் எடுத்தது. அவர் ஏசவில்லை, இரண்டு நாள் கதைக்கவில்லையாம். இரண்டாம் வகுப்புக் கீழ்நிலையில் முடித்தான். இப்போது ஒரு பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்கிறான். இந்த நாட்டில் பௌதிக ஆசிரியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

மூன்றாம் வருடத்தில் அணுக்கரு, துணிக்கைகள், திண்மப் பொருட்கள், வான்பௌதிகம் என்று பிரியும். சொந்தமாக ஓர் ஆய்வும் செய்யவேண்டும். எனக்குப் பிடித்தது மியூவன் பரிசோதனை. விண்ணிலிருந்து வருகிற கதிர்கள் சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் காற்றில் மோதி மியூவன் என்ற துணிக்கைகளை உண்டாக்குகின்றன. ஒரு மியூவனின் சராசரி ஆயுள் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகலாம். ஆனால் இப்போது நீங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உங்கள் உள்ளங்கையூடாகச் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் அவை போய்க்கொண்டிருக்கின்றன. எப்படி வந்து சேர்ந்தன? வேகமாக ஓடுகிற மியூவனுடைய மணிக்கூடு எங்கள் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. முதல் வருடத்தில் கரும்பலகையில் படித்த ஐன்ஸ்ரைனின் கொள்கை இங்கே கையில் அகப்படுகிறது. துணிக்கை பட்டால் மின்னுகிற பிளாஸ்ரிக் கட்டி ஒன்றை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, சில நாட்கள் விட்டு, பிள்ளைகள் அந்த 2.2ஐத் தாங்களே அளக்கிறார்கள். வழுவோடுதான்.

வேலை கிடைக்குமா என்பதுதானே அந்தத் தம்பியின் கேள்வி. வைத்தியசாலையில் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்யும்போது, எவ்வளவு கதிர் எந்தத் திசையால் போகவேண்டும் என்று கணித்துச் சரிபார்ப்பவர்கள் மருத்துவப் பௌதிகவியலாளர்கள். அதற்குச் சம்பளத்தோடு மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது, போட்டி கடுமை. வானிலை, வங்கி, மென்பொருள், மின்சார நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பிள்ளைகளை எடுக்கின்றன. வைத்தியர் என்பதுபோல வாசலில் எழுதி மாட்டுகிற ஒரு பெயர் மட்டும் கிடைக்காது. அதுதான் எங்கள் ஆட்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. "எங்கடை ஆக்கள் ஆர் இதைப் படிச்சவை" என்றும் கேட்பார்கள். ஈழத்தவரான பேராசிரியர் ஜயரத்தினம் எலியேசர் 1940களில் கேம்பிரிட்ஜில், நோபல் பரிசு பெற்ற டிராக்கின் கீழ் இலத்திரனைப் பற்றி ஆராய்ந்தவர். பின்னர் கொழும்பிலும் மலாயாவிலும் மெல்பேணிலும் கணிதப் பேராசிரியராக இருந்தார்.

இவ்வளவும் கதைக்கிற நான் என்ன செய்தேன் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். என் மூத்த மகன் பதினேழு வயதில் வான்பௌதிகம் படிக்கப் போகிறேன் என்றான். நான் இந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே அவனைக் கணக்கியலுக்கு அனுப்பினேன். நல்ல வேலையில் இருக்கிறான், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவன் பதினான்கு வயதில் சேர்த்த காசில் வாங்கிய தொலைநோக்கி இன்னும் எங்கள் கராஜில் பெட்டியோடு இருக்கிறது. எடுத்து எறியவும் விடமாட்டான், கொண்டுபோகவும் மாட்டான்.

கோயிலில் சந்தித்த தம்பிக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்தேன். வருகிற சனிக்கிழமை எங்கள் துறையில் பார்வையாளர் நாள். மகளோடு அவரையும் வரச்சொல்லியிருக்கிறேன். "நான் வந்து என்ன அண்ணை செய்யிறது" என்றார். ஊசல் ஒன்றும் நிறுத்தற்கடிகாரம் ஒன்றும் அவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். இருநூறு ஆட்டம் அவர் எண்ணட்டும், மகள் எழுதட்டும்.