கைக்கேற்ற கருவி



மேற்குக்கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை வலுக்கும். அதற்கு முன்பே வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டிவிடுவது நல்லது. கீரை, வெண்டை, மிளகாய் பயிரிட நமக்கு வேண்டிய கருவிகள் நான்கே: மண்வெட்டி, களைக்கொத்து, சிறு கத்தி, பூவாளி.

வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். பிடிக்கப்போவது யார் என்று பார்ப்பதில்லை. பல வீடுகளில் வேலை முடிந்து வந்து பாத்தி கொத்துபவர் தாய்தான். கான் வெட்ட வாங்கிய கனமான மண்வெட்டியை அவர் தூக்கினால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஆகவே அவரையே கடைக்கு அழைத்துச் செல்வோம். தூக்கி, ஓங்கி, இறக்கிப் பார்க்கட்டும். மரப்பிடியில் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும்.

பிடி ஆடினால் நீரில் ஊறப்போடுகிறோம். ஊறிய மரம் காய்ந்ததும் மீண்டும் தளர்ந்துவிடும். ஆப்பு அடிப்பதே சரி. கழன்ற இரும்பு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் பாயக்கூடும்.

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவுவோம். பூவாளியைக் கவிழ்த்து வைப்போம்; தேங்கிய நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

கருவிகள் குறைவாக இருக்கலாம்; கைக்கு ஏற்றவையாக இருக்கட்டும்.