சிறையிலிருப்போரும் நாமும்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் அசனமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வரட்டும். ஆனால் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில், யூபிலி என்பது வறுமையால் தன்னை விற்றுவிட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்பிவரும் ஆண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 26-இல் உரோமையின் ரெபிபியா சிறைச்சாலையில் புனிதக் கதவைத் திறந்தது அந்தப் பழைய பொருளையே நமக்கு நினைவூட்டுகிறது.

குற்றவாளியைத் தண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தண்டனையோடு காரியம் முடிந்ததா என்பதே நம் கேள்வி. இழந்தவருக்கு என்ன கிடைத்தது? இழைத்தவன் அவர் முகத்தையாவது பார்த்தானா? 1974-இல் கனடா நாட்டின் எல்மைரா என்ற சிற்றூரில், 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்திய இரு இளைஞரை, பாதிக்கப்பட்டோரை வீடுவீடாகச் சந்தித்து நட்டத்தை ஈடுசெய்யும்படி நீதிபதி பணித்தார். உறவைச் சீராக்கும் நீதி என்று இன்று பல நாடுகளில் பேசப்படும் முறைக்கு அது ஒரு தொடக்கம்.

கண்ணாடி உடைந்தால் சரி, உயிரே போனால்?

கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில் பழங்குடி மக்களிடையே உழைத்தவர். அவர்கள் வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுபட்டது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-இல், ஓடும் பேருந்தில், பயணிகள் கண்ணெதிரே அவரைக் குத்திக் கொன்றான் சமந்தர் சிங். ஆயுள் தண்டனை பெற்று இந்தூர் சிறையில் கிடந்த அவரை, 2002-இல் ராணி மரியாவின் தங்கையான அருட்சகோதரி செல்மி பால் தேடிச் சென்று, ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். குடும்பத்தாரும் மன்னித்தனர், அவருடைய விடுதலைக்காக வேண்டினர். 2006-இல் அவர் வெளியே வந்தார். மகளைக் கொன்ற அந்தக் கைகளைத் தாய் பற்றி முத்தமிட்டார். 2017 நவம்பர் 4-இல் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக இந்தூரில் அறிவிக்கப்பட்டார்.

சிறைக்குள் அந்த ராக்கி கட்டப்பட ஏழாண்டுகள் சென்றன என்பதைக் கவனிக்க வேண்டும். துக்க வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "மன்னித்துவிடுங்கள்" என்று உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் மன்னிக்கும் நாள் வராமலே போனாலும் நம் துணை அவர்களுக்கு உண்டு.

மறுபக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது. மகன் கைதானதும் பெண்ணுக்கு வந்த வரன் நின்றுவிடுகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் பட்டப்பெயர் வந்துவிடுகிறது. இத்தனைக்கும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. குற்றமே செய்யாத மனைவியும் பிள்ளைகளும் வெளியே அனுபவிப்பதை எந்தத் தீர்ப்பிலும் எழுதுவதில்லை.

நமது வின்சென்ட் தே பவுல் சபையார் சந்திக்கும் வீடுகளின் பட்டியலில் இவ்விரு வகை வீடுகளையும் சேர்க்க வேண்டும். சிறையில் மனுப் பார்க்கப் போகும் தாய்க்குப் பேருந்துச் செலவும் உடன்செல்ல ஓர் ஆளும் தரவேண்டும் என்று பங்குப் பேரவையைக் கேட்டுக்கொள்கிறோம்.